மேலங்கி நனையக் கூடாது

மழையில் மனிதன் நனையக் கூடாது என்று எங்கள் துறை கொள்கை அளவில் முடிவெடுத்தது, போன மழைக்காலம் முடிந்த பிறகு. மழை பெய்துகொண்டிருக்கும்போது அப்படியொரு முடிவை எடுத்தால் அது அவசர முடிவாகிவிடும். எங்கள் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புத் துறை எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை. குழாய் வெடித்தால்கூட ஊரார்தான் அவசரப்படுவார்கள்.

நான் அங்கே கொள்முதல் பிரிவில் உதவியாளன். குண்டூசி முதல் குழாய் வரை துறை வாங்குகிற எதுவும் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போக வேண்டும் என்றுதான் சொன்னேன். நான் அதைத் தடுப்பேன், மாற்றுவேன் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. என் மனைவி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் அவள் தம்பி. என் மச்சானும் எங்கள் துறைதான். குழாய் பார்க்கிற வேலை. ஏரியிலிருந்து ஊருக்கு வருகிற பெரிய குழாயோடு கூடவே நடந்து, எங்கே கசிகிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் அது வேலை, மழைக்காலத்தில் அது தண்டனை. மழை வலுத்தால்தான் மண் சரியும், மண் சரிந்தால்தான் குழாய் விலகும். ஆகவே நாய்கூட வெளியே தலைகாட்டாத நேரமாகப் பார்த்து அவன் நடந்தாக வேண்டும். போன மழைக்காலத்தில் நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். பிழைத்தது மறுபிறவி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அடுத்த மழைக்கு இவர் நனையவே கூடாதும்மா. மறுபடி நனைஞ்சு இதே மாதிரி வந்துச்சுன்னா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

டாக்டர் கையில் ஒன்றும் இல்லை என்றதும் எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தது.

"என்னங்க, அவ்ளோ பெரிய ஆபீஸு. ஆளுக்கொரு மழைக்கோட்டு வாங்கிக் குடுக்கத் துப்பில்லையா?" என்றாள் மனைவி.

"துறை வாங்கணும்னா அதுக்கு ஒரு முறை இருக்கு."

"சரி, அந்த முறையை நீங்க கட்டிக்கிட்டு அழுங்க. நான் கடையில ஒண்ணு வாங்கிக் குடுக்கிறேன்."

"வாங்கலாம். போட முடியாது. சீருடைக்கு மேல துறை குடுக்காத எதையும் போடக் கூடாது. போன வருஷமே மேஸ்திரி கழட்டச் சொல்லிட்டாரு."

"அப்ப நனையலாம்?"

"நனையறதுக்குத் தடை எதுவும் இல்ல."

இதைச் சொன்னதற்காக அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. அவளிடம் விதி பேசுவதே தப்பு. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். துறையின் சுற்றறிக்கை எல்லாம் அங்கேதான் நகலாகும். அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள், இவள் படிப்பாள். துறையில் என்ன நடக்கிறது என்பது முழுவதுமாகத் தெரிந்த ஒரே ஆள் துறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் நான் ஒரு குறிப்பு எழுதினேன். 'குழாய் பார்ப்போருக்கு மழைக்கோட்டு வாங்கலாம்' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் வந்தது வினை. இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

எங்கள் இயக்குநருக்கு அந்த வருஷம் நடைப் பைத்தியம் பிடித்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் சைக்கிள் பைத்தியம், அதற்கும் முந்தி மூச்சுப் பயிற்சி. இப்போது ஊரில் பெரிய மனிதர் என்றால் ஞாயிற்றுக்கிழமை இயற்கையில் நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மலையடிவாரம் வரை காரில் போய், அங்கே கொஞ்சம் நடந்து, நிறையப் படம் எடுத்துக்கொண்டு, காரிலேயே திரும்புவார்கள். அதற்கென்று இயக்குநர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜாக்கெட் வாங்கியிருந்தார். திறந்த இடத்தையெல்லாம் மூடவும் மூடின இடத்தையெல்லாம் திறக்கவும் உடம்பு முழுக்க ஜிப்பு. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் தவறாமல் அதைப் போட்டுக்கொண்டு வருவார். மழையில் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்?

"மழைக்கோட்டுன்னு எழுதியிருக்கீங்களே, எந்த நடைக்கு?" என்றார்.

"மழையில நடக்கிற நடைக்கு சார்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நடையில எத்தனை வகை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? மலையேறுறவனுக்கு அக்குள்ல காத்துப் போக ஜிப்பு வேணும். முள்ளுக்காட்டுல போறவனுக்குத் தடிச்ச துணி வேணும். சும்மா பக்கத்துல போயிட்டு வர்றவனுக்கு, மடிச்சு உள்ளங்கையில வச்சுக்கிற மாதிரி லேசா வேணும். எல்லாத்துக்கும் ஒரே கோட்டா? ஏங்க, நீங்க கல்யாணத்துக்கும் படுக்கைக்கும் ஒரே சட்டையா போடுறீங்க?"

என் சம்பளத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் குழு அமைந்தது. பெயர்: 'பணிசார் நடைகளை வகைப்படுத்தி, அவ்வந்நடைக்குரிய நீர்புகா மேலங்கியைப் பரிந்துரைக்கும் உயர்மட்டக் குழு.' மழைக்கோட்டு என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் அதிகாரிகள். மாடி ஏறக்கூட லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள். நடப்பவர்களைக் குழுவில் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவர்களைச் சேர்க்கவில்லை. என்றாலும் மக்களாட்சி ஆயிற்றே, நடப்பவர்களின் சார்பில் ஓர் ஆளை நிற்க வைப்பது என்று முடிவாயிற்று. என் மச்சான் வந்து சுவரோரமாக நின்றான்.

முதல் கூட்டத்துக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். மேசைமேல் ஒரு மேலங்கியை விரித்து, டம்ளரில் இருந்த தண்ணீரை அதன் கைமேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு குழுவின் கோப்புகளை நனைத்தது. குழு கைதட்டியது.

"சார், இது மூச்சு விடுற துணி. உள்ள இருக்கிற வியர்வையை ஆவியா வெளிய அனுப்பிடும். வெளிய இருக்கிற தண்ணியை உள்ள விடாது. தையல் மேல எல்லாம் பட்டை ஒட்டியிருக்கோம். ஊசி போன ஓட்டை வழியாக்கூட ஒரு சொட்டு போகாது."

"மூச்சு விடுமா!" என்று வியந்தார் ஓர் உறுப்பினர்.

"சார், கோட்டு மூச்சு விடலைன்னாலும் பரவால்ல," என்றான் மச்சான். "நான் விட்டுக்கிட்டு இருந்தா போதும்."

"இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்," என்று இயக்குநர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

குழு கூடிக் கூடி நடையை ஐந்தாகப் பிரித்தது: கரை நடை, புதர் நடை, ஏற்ற நடை, காற்று நடை, தெரு நடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலங்கி. கரை நடைக்கு முழங்கால் வரை தொங்குவது. புதர் நடைக்கு முள் கிழிக்காதது. ஏற்ற நடைக்கு இயக்குநருடையதைப் போன்றது. காற்று நடைக்கு முகவாய் வரை கட்டிக்கொள்ளும் தலைமூடியோடு. தெரு நடைக்கு மடித்துப் பைக்குள் வைப்பது. இவ்வளவையும் தீர்மானித்துவிட்டு இயக்குநர் திருப்தியோடு மச்சான் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க. இதுல உங்க நடை எது?"

"எல்லாம்தான் சார்," என்றான் மச்சான். "ஏரிக்கரையில ஆரம்பிப்பேன். அதைத் தாண்டுனா புதரு. அப்புறம் பாறை மேல ஏறணும். அந்தப் பக்கம் பொட்டல், காத்து ஆளைத் தூக்கும். அது முடிஞ்சா ஊரு, தெரு."

குழு தன் பட்டியலை இன்னொருமுறை எடுத்துப் பார்த்தது. ஒரே மனிதன் ஒரே நாளில் ஐந்து வகையாகவும் நடப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அவனை ஒழுங்கீனம் செய்தவனைப் போலப் பார்த்தார்கள்.

"அப்படின்னா ஆளுக்கு அஞ்சு மேலங்கி குடுத்துடுவோம்," என்றார் இயக்குநர். "எல்லையில மாத்திக்கட்டும்."

"எந்த எல்லை சார்?"

"கரை முடிஞ்சு புதர் ஆரம்பிக்கிற எல்லை. பலகை வச்சுடுவோம்."

பலகை வைத்தார்கள். 'கரை நடை இங்கே நிறைவுறுகிறது. உரிய மேலங்கிக்கு மாறவும்.' மேலங்கிக்குத்தான் நேரம் பிடித்தது. பலகைக்கு நேரம் பிடிக்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் மச்சான். "ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணைப் போடுற நேரத்துல நனைவேனே?"

இயக்குநர் யோசித்தார். அவர் யோசிக்கத் தெரியாதவர் அல்ல. "நீங்க மாத்தும்போது நின்னுக்கிட்டுதானே இருப்பீங்க?"

"ஆமா சார்."

"அப்ப நடக்கலை. நிக்கிறப்ப நனையறது நடையில நனையறதாகாது. அது குழுவோட வரம்புக்குள்ள வராது."

"மாத்துற இடத்துல ஒரு கூரை போட்டுடலாமே சார்?" என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

"கூரை கட்டடத் துறையைச் சேர்ந்தது," என்றார் இயக்குநர். அதோடு கூரை முடிந்தது.

ஒத்திகை பார்த்தார்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அலுவலக வராந்தாவில், கோடு போட்டு எல்லை குறித்து. மச்சான் முதுகில், மாதிரிக்கு வந்த நான்கு மேலங்கிகள் அடைத்த மூட்டை, உடம்பில் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் மூட்டையை இறக்கி, கழற்றி, மடித்து, எடுத்து, மாட்டி, ஜிப்பை இழுத்து, மறுபடி தூக்கினான். வராந்தா முடிவதற்குள் அவனுக்கு வியர்த்து ஊற்றியது. 'மேலங்கி மூச்சு விடுகிறது' என்று ஓர் உறுப்பினர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"இவ்ளோ வேலைக்கு நடுவுல குழாயைப் பாக்க மறந்துடுவேன் போலிருக்கே சார்," என்றான் மச்சான்.

"குழாய் எங்கயும் போயிடாது," என்றார் இயக்குநர். குழாய் போகாது என்பது உண்மைதான். தண்ணீர்தான் போகும்.

இதற்கிடையே குழுவில் ஒரு மனக்கசப்பு வந்தது. வெளியே நடப்பவன் நடைதான் நடையா, அலுவலகத்துக்குள் நடப்பதெல்லாம் நடையில்லையா என்று ஒரு துணை இயக்குநர் கேட்டார். காரிலிருந்து லிஃப்ட் வரை, நாற்காலியிலிருந்து கேன்டீன் வரை நாங்களும்தானே நடக்கிறோம்? நியாயமான கேள்வியாகப் பட்டது. ஆறாவதாக 'அலுவலக நடை' சேர்க்கப்பட்டது. அதற்குச் சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, மார்பில் துறையின் சின்னம் பொறித்த மேலங்கி. மற்ற ஐந்தும் பரிசீலனையில் இருக்க, ஆறாவது மட்டும் உடனே வந்து இறங்கியது. எனக்கும் ஒன்று கிடைத்தது, மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூரைக்குக் கீழே, மின்விசிறிக்குக் கீழே, சொட்டு மழைக்கு வழியில்லாத இடத்தில் எல்லாரும் நீர்புகா மேலங்கியோடு உட்கார்ந்து கோப்புப் பார்த்தோம். புழுங்கியதால் ஏசியைக் கூட்டினார்கள். ஏசியைக் கூட்டியதால் குளிர்ந்தது. குளிர்ந்ததால் மேலங்கி எவ்வளவு அவசியம் என்று எல்லாருக்கும் விளங்கியது. கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் தலைமூடியையும் போட்டுக்கொண்டுதான் கூட்டல் போட்டார். வெளியே குடிநீர்க் குறை சொல்ல வந்த ஜனங்கள் எங்களைப் பார்த்து, உள்ளே ஏதோ பெரிய வெள்ளம் வந்திருக்கிறது என்று மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

"எல்லாருக்கும் வந்துடுச்சு. நடக்கிறவனுக்கு மட்டும் வரலை," என்றாள் என் மனைவி. "மேகம் கறுக்க ஆரம்பிச்சாச்சுங்க. அவன் நெஞ்சு இப்பவே கர்ர்ங்குது."

அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் இயக்குநர் அறை வாசலிலேயே நின்றேன். கடைசியில் ஐந்து மேலங்கித் திட்டம் மூட்டை கனத்தால் கைவிடப்பட்டு, ஐந்து நடைக்கும் பொதுவாக, இருப்பதிலேயே உயர்ந்த மலை மேலங்கியை ஒவ்வொருவருக்கும் தருவது என்று முடிவாயிற்று. இயக்குநருடையதைப் போலவே, அதே ஆரஞ்சு. உயர்ந்த சரக்கு. முதல் மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் பூசாரி ஸ்டோர் கீப்பர். பெயர் எல்லாருக்கும் மறந்துவிட்டது. 'பூட்டு' என்றால்தான் தெரியும். ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர். அவ்வளவு உயர்ந்த பொருளைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தானே ஒரு விதி எழுதி, இயக்குநரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்: மேலங்கியைக் காலையில் பெற்று மாலையில் ஒப்படைக்க வேண்டும், எந்த நிலையில் பெற்றார்களோ அந்த நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்.

முதல் தூறலில் மச்சான் மேலங்கியோடு நடந்து, மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தான். பூட்டு தொட்டுப் பார்த்தார். தொட்ட விரலைத் தானே பார்த்தார்.

"ஈரமா இருக்கே?"

"மழை பெஞ்சுதுண்ணே."

"நான் காலையில ஈரமாவா குடுத்தேன்?"

"இல்லண்ணே. காஞ்சதுதான் குடுத்தீங்க."

"அப்ப காஞ்சதைத்தானே நான் திருப்பி வாங்கணும்?"

"அண்ணே, இது நீர்புகாக் கோட்டு."

"அதை நான் இல்லைன்னா சொன்னேன்? நீரு புகாது. மேல படுமில்ல? படாம பாத்துக்க வேண்டியது உன் பொறுப்பு. இந்த ஈரத்தோட மத்ததுங்ககூட வச்சா எல்லாத்துக்கும் பூஞ்சை பிடிக்கும். யாரு பதில் சொல்றது?"

விளக்கம் கேட்டு மறுநாளே மெமோ வந்தது. அதை நகலெடுத்தது என் மனைவிதான். மெமோவுக்குப் பதில் எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரே வழிதான் உண்டு. மழை இல்லாதபோது குழாய் பார்ப்பவர்கள் எல்லாரும் ஆரஞ்சு மேலங்கியோடு கம்பீரமாக நடந்தார்கள். மழை வந்ததும் அவசர அவசரமாகக் கழற்றி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைந்தார்கள். ஸ்டோருக்கு எல்லா மேலங்கியும் மொரமொரவென்று காய்ந்து வந்தது. திட்டம் வெற்றி என்று பூட்டு அறிக்கை கொடுத்தார்.

மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். பெரிதாகாமல் அந்த முறை மருந்தோடு இறங்கிவிட்டது. ஆனாலும் டாக்டர் முகத்தைப் பார்த்து வந்த என் மனைவி நேரே கடையைச் சாத்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். நான் அவளைத் தடுக்கப் பின்னாலேயே ஓடினேன். ஓடினேனே தவிரத் தடுக்கவில்லை.

"சார், என் தம்பிக்குக் கோட்டு குடுத்தீங்க. ரொம்ப நன்றி," என்றாள் இயக்குநரிடம்.

"சந்தோஷம்மா. எப்படி இருக்கு?"

"கோட்டு நல்லா இருக்கு சார். தம்பிதான் நல்லா இல்ல."

"ஏன், என்னாச்சு?"

"மழையில நனைஞ்சு காய்ச்சல்."

"மேலங்கி போடலையா?"

"போட்டா கோட்டு நனையுதாம். கோட்டு நனைஞ்சா மெமோவாம். நாங்க நனைஞ்சா யாரும் மெமோ குடுக்கிறதில்ல பாருங்க, அதான் நனையறோம்."

இயக்குநர் உண்மையிலேயே திடுக்கிட்டார். பூட்டு வரவழைக்கப்பட்டார். பூட்டு கையெழுத்தைக் காட்டினார். கையெழுத்து இயக்குநருடையதுதான்.

"நான் கையெழுத்துதானே போட்டேன்?" என்றார் இயக்குநர். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்ன முட்டாள்தனம் இது! நனையறதுக்குன்னு செஞ்ச பொருளை நனையாம வச்சிருக்கிறதா?"

"அதான் சார் நானும் கேக்கிறேன்," என்று என் மனைவி அறை மூலையில் மாட்டியிருந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் காட்டினாள். "அது என்னிக்காவது நனைஞ்சிருக்கா சார்?"

"அதுவா? அது வெளிநாட்டுத் துணிம்மா, அதைப் போய் யாராவது மழையில..." என்று ஆரம்பித்த இயக்குநர் நிறுத்திக்கொண்டார். எழுந்து கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பெரிய மனிதர்கள் தோற்றுப்போனால் ஜன்னல் பக்கம் போவது வழக்கம்.

அன்று மாலையே புதுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் துறை சரித்திரத்தில் அவ்வளவு தெளிவான ஒரு தாள் வந்ததே இல்லை. 'மேலங்கிகள் இன்று முதல் அணிபவருக்கே சொந்தம். திரும்ப ஒப்படைக்க வேண்டியதில்லை. நனையலாம், கிழியலாம், எவரும் விளக்கம் கேட்கலாகாது.' என் மனைவி அதைக் காசு வாங்காமல் நகலெடுத்து, தன் கடைக் கதவிலும் ஒன்று ஒட்டினாள். குழாய் பார்ப்பவர்கள் கடை வாசலில் வந்து நின்று அவளுக்குக் கும்பிடு போட்டார்கள். பூட்டு தன் ஸ்டோரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, வெறும் கொக்கிகளைப் பார்க்கப் பொறுக்காமல் மூடிக்கொண்டார். அன்று எனக்குக் காப்பி கிடைத்தது. "வாயைத் திறந்து கேட்டாத்தாங்க எதுவும் கிடைக்கும்," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெருமழை வந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தெருவில் தண்ணீர் ஓடிற்று. நான் குடை முறிந்து, முக்கால்வாசி நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி ஜன்னலோரம் நின்றுகொண்டு, "இந்த மழைக்கு அவன் பொட்டலைத் தாண்டிக்கிட்டிருப்பான்," என்றாள். சொன்னாளே ஒழிய முன்போல் பயம் இல்லை. "நல்லவேளை, கோட்டு இருக்கு."

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். மச்சான் நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து கால் வரை தண்ணீர் கொட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பிளாஸ்டிக் மூட்டை வைத்திருந்தான்.

"என்னடா இது?" என்றேன்.

"கோட்டு அத்தான்."

"அது தெரியுது. ஏன் போடலை?"

"போட்டுக்கிட்டுத்தான் போனேன். தூறல் விழுந்ததும் கழட்டிட்டேன்."

"அடேய், அந்த விதியைத்தான் எடுத்தாச்சே! யாருடா உன்னைக் கேக்கப் போறா? பூட்டு இனிமே வாயைத் திறக்க முடியாதுடா!"

"பூட்டு கிடக்கிறான் அத்தான்," என்றான் பல் தந்தியடிக்க. "அவன் கோட்டா இருந்தா நனைஞ்சு நாறட்டும்னு இன்னிக்குப் போட்டுக்கிட்டே வந்திருப்பேன். ஆபீஸ் சாமான் எப்படிப் போனா நமக்கென்ன? இது நம்ம சொந்தக் கோட்டுல்ல? எவ்ளோ உசந்த துணி, பாத்தீங்களா? இதைப் போய் இந்த மழையில பாழாக்க மனசு வருமா?"

திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். இயக்குநரையே ஜன்னலுக்கு விரட்டியவள், இவனை ஒரு அறை அறையப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வேகமாக வந்து அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிரித்தாள். கழுத்துப்பட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது.

"ஒரு சொட்டு படலைங்க," என்றாள் என்னிடம். "நான்கூட இந்த அவசரத்துல எங்கயாவது நனைச்சிருப்பானோன்னு பயந்துட்டேன். பொறுப்பானவன்தான்."

பீரோவைத் திறந்தாள். உள்ளே என்னுடைய சாம்பல் மேலங்கி உறையோடு தொங்கிக்கொண்டிருந்தது. தினம் போட்டுக் கசக்காதீர்கள், ஏதாவது விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அவள்தான் வாங்கி மாட்டியிருந்தாள். அதை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் பண்ணினாள்.

"ஹாங்கர் எங்கங்க?"

நான் மட்டும் என்ன, ஓடிப்போய் நல்ல ஹாங்கராகப் பார்த்து எடுத்து வந்து நீட்டினேன். தோள் கோணிவிடக் கூடாதே என்று தடித்ததாகவே எடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மேலங்கியை மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டோம். மச்சான் நனைந்தபடியே எங்கள் பின்னால் வந்து நின்று, அது தொங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நின்ற இடத்தில் தரையில் தண்ணீர் தேங்கியது.

அப்போது அவன் இருமினான். போன மழைக்காலத்தில் கேட்ட அதே இருமல், அடிநெஞ்சிலிருந்து. ஒருமுறை ஆரம்பித்தது நிற்கவில்லை. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான்.

என் மனைவி பதறிப்போய்த் திரும்பினாள்.

"டேய், தள்ளி நின்னு இருமுடா! கோட்டு மேல தெறிக்கப் போகுது!"